மாஷியின் கைப்பிடி

போன மாதம் ஒரு பையன் பழைய மாஷி ஒன்றைக் கொண்டுவந்தான். இன்றைய கணக்கில் ஐந்தாம் நம்பர் அயர்ன் என்று வைத்துக்கொள்ளலாம். ஹிக்கரி மரத்தண்டு, துருவேறிய இரும்புத் தலை, உரிந்து தொங்கும் தோல் பிடி. "தாத்தாவோடது. புது கிரிப் போட்டுக் குடுங்கண்ணா" என்றான்.

சைதாப்பேட்டையில் ஒரு மாடிப்படிக்குக் கீழே முப்பது வருஷமாக கோல்ஃப் கிளப்களுக்கு கிரிப் மாற்றுகிறேன். அதற்கு முன்பு கேடியாகப் பை சுமந்தவன். ஆனாலும் ஹிக்கரித் தண்டில் கத்தி வைத்தது இதுதான் முதல் தடவை. வெங்காயம் போல ஒவ்வொரு சுற்றாக வந்தது. முதலில் தோல் வார். அதன் அடியில் கம்பளித் துணி. அதற்கும் அடியில் தார் மாதிரி இறுகிப்போன பிசின். கடைசியில் மரம். மேல் முனையில் வாரை நிறுத்த ஒரு சின்ன ஆணி, கீழ் முனையில் மெழுகு நூல் கட்டு.

ஸ்காட்லாந்தில் அந்தக் காலத்துப் பிடிகள் இதைவிடத் தடிமன். உலக்கையைப் பிடிப்பதுபோல உள்ளங்கையில் வைத்து அடித்தார்கள். மரத்தண்டின் அதிர்வைத் துணியும் தோலும்தான் தாங்கின. ஜெர்சி தீவுக்காரர் ஹாரி வார்டன் 1896 முதல் 1914 வரை ஆறு முறை பிரிட்டிஷ் ஓப்பனை வென்றார். வலது சுண்டுவிரலை இடது கையின் மேல் ஏற்றிப் பிடிக்கும் முறை அவர் பெயராலேயே பரவியது. அதைக் கண்டுபிடித்தவர் அவரல்ல, பெயர் மட்டும் அவருக்கு. விரலால் பிடிக்கிறவனுக்கு உலக்கைத் தடிமன் எதற்கு? பிடி மெலிந்தது.

தோல் சுற்றுவது லேசுப்பட்ட வேலை இல்லை. வாரின் ஓரத்தைச் சீவி மெல்லிசாக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு சுற்றும் மேடு தட்டும். கொஞ்சம் தளர்த்தினால் ஒரு மாதத்தில் பிடி முறுக்கிக்கொள்ளும். கிளப் செய்கிறவரின் பட்டறையில் ஒரே கை சுற்றிய இரண்டு பிடிகள்கூட ஒன்றுபோல இருக்காது. 1925-இல் சிகாகோவில் லாம்கின் நிறுவனம் தோல் பிடிகளையே தொழிலாக எடுத்துக்கொண்டது. 1929-இல், கோல்ஃப் விதிகளை வகுக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ்காரர்கள் எஃகுத் தண்டுக்கு அனுமதி கொடுத்தார்கள். மரம் போனது. அதற்குப் பின்னும் இருபது வருஷம் எஃகுக் குழாயின் மேல் தோலைத்தான் சுற்றிக்கொண்டிருந்தார்கள். பழக்கம் அவ்வளவு சீக்கிரம் விடுமா?

விட வைத்தவர் தாமஸ் ஃபாவிக். அவர் கிளட்ச் செய்கிறவர். ரப்பர் குழாய்க்குள் காற்றை நிரப்பினால் அது உப்பி, சுழலும் உருளையை இறுக்கிப் பிடிக்கும். அதுதான் அவருடைய கிளட்ச். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களில் ஓடியது. ரப்பரைப் பிடிக்க வைப்பதே அவர் தொழில் என்பதால், 1949-இல் ஒஹாயோவில் கோல்ஃப் பிரைட் என்ற கிரிப் நிறுவனத்தைத் தொடங்கியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. சுற்ற வேண்டாம், ஆணி வேண்டாம். உறை மாதிரி மாட்டினால் போதும். 1958-இல் டாமி போல்ட் டல்சாவில் யு.எஸ். ஓப்பனை வென்றபோது கையில் இருந்தவை ரப்பர் பிடிகள். கோபம் வந்தால் கிளப்பைத் தூக்கி எறிவதற்குப் பேர்போனவர் அவர். நழுவாத பிடிக்கு விளம்பரம் கிடைத்தது அவர் கையால்!

ஃபாவிக்கின் புண்ணியத்தில் என் வேலை சுலபம். கொக்கிக் கத்தியால் பழசைக் கீறி எடுத்து, தண்டில் டபுள் சைடு டேப் ஒட்டி, டர்பென்டைன் ஊற்றினால் டேப் வழுக்கும். கிரிப் சறுக்கி ஏறும். டர்பென்டைன் காய்ந்ததும் கல்லாக நிற்கும். ஒன்றுக்கு ஐந்து நிமிடம்.

தேர்ந்தெடுப்பதில்தான் ஜனங்கள் கோட்டை விடுகிறார்கள். நிறம் பார்த்து வாங்குகிறார்கள். நான் முதலில் கையைத்தான் பார்ப்பேன். இடது கையால் பிடிக்கச் சொல்வேன். நடுவிரலும் மோதிர விரலும் கட்டைவிரல் மேட்டை லேசாகத் தொட வேண்டும். நகம் குத்தினால் பிடி மெல்லிசு, இடைவெளி விழுந்தால் தடிப்பு. கிரிப்பின் வாய்க்குள் 58, 60 என்று எண் இருக்கும். அது உள்துளையின் அளவு, அங்குலத்தில் நூறில் ஒரு பங்குக் கணக்கு. 60 அளவுத் தண்டில் 58 கிரிப்பை ஏற்றினால் ரப்பர் விரிந்து பிடி கொஞ்சம் தடிக்கும். எடையும் உண்டு: வழக்கமான கிரிப் சுமார் 50 கிராம். அதற்குமேல் ஏற ஏற, ஆட்டும்போது தலை லேசாகத் தோன்றும்.

நம் ஊர் வியர்வைக்கு நான் சொல்வது கார்டு கிரிப்தான், ரப்பருக்குள் பருத்தி நூல் பதித்தது. முதல் வாரம் கை எரியும். கையுறை போடாதவருக்கு நான் அதைத் தரமாட்டேன். பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டர் விஷயம் வேறு. மற்றவற்றின் பிடி உருண்டையாகத்தான் இருக்க வேண்டும் என்கிறது விதி. பட்டருக்கு மட்டும் தட்டையாகவும் இருக்கலாம். கொரியாவின் கே.ஜே. சோய் 2011-இல் பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப் பட்டத்தை வென்றது தடித்த பட்டர் பிடியோடு. அதன் பிறகு எல்லோருக்கும் அதே வேண்டியிருந்தது.

மாஷிக்கு ரப்பர் போட மனம் வரவில்லை. பெரியமேட்டில் ஆட்டுத்தோல் வாங்கி, ஓரம் சீவி, பழைய ஆணி ஓட்டையிலேயே அடித்துச் சுற்றினேன். மூன்று தடவை அவிழ்க்க வேண்டியிருந்தது. முழுதாக ஒரு மத்தியானம் போனது. பையனிடம் ஐந்து நிமிட வேலைக்கான கூலியைத்தான் வாங்கினேன். வருஷத்துக்கு ஒரு தடவை விளக்கெண்ணெய் தடவச் சொல்லியிருக்கிறேன்.

ரப்பர் வைத்திருப்பவர்களுக்கு எண்ணெய் வேண்டாம். சோப்புத் தண்ணீரில் துடைத்தால் போதும். சித்திரை வெயிலில் மட்டும் பையைக் கார் டிக்கியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.