ஆசான் மறைந்தார், சங்கம் வாழ்கின்றது

சங்கங்களைத் தோற்றுவித்தல் எளிது. தோற்றுவித்தவர் மறைந்த பின்பும் அவை நிலைபெறுதல் அரிது. இதனை எண்ணுந்தோறும் சீன தேசத்துக் குங்ஃபூ ஆசான் ஹுவோ யுவான்ஜியாவின் சரித்திரம் நம் நினைவுக்கு வருகின்றது. தமது பெயரால் விளங்கும் சங்கத்தோடு அவர் வாழ்ந்த காலம் சில மாதங்களே. சங்கமோ நூறாண்டு கடந்தும் நிற்கின்றது. அதன் காரணத்தை ஆராய்தல் வாலிபர்க்கும் பெரியோர்க்கும் பயன் தருவதாகும்.

ஹுவோ 1868ஆம் ஆண்டு வட சீனத்தில் தியன்சின் நகருக்கு அண்மையிலுள்ள கிராமம் ஒன்றிற் பிறந்தார். தந்தையார் வணிகர் கூட்டத்துக்கு வழித்துணைக் காவல் செய்தவர். பரம்பரையாக வந்த 'மிட்சோங்' என்னும் போர்முறையில் வல்லவர். மகனோ நோயாளிப் பிள்ளை. ஆகையால் அவரைக் களத்தில் இறங்கவிடாது கல்வியில் ஈடுபடுத்தினர். சிறுவர் மறைவில் நின்று கண்டதைத் தனிமையிற் பயின்று தேர்ந்தார் என்பர். பின்பு தியன்சினில் மருந்துக்கடை ஒன்றில் வேலை செய்து சீவித்தார்.

அக்காலம் சீனம் தாழ்வுற்ற காலம். அபினி யுத்தத்திலும், 1895இல் யப்பானியரிடத்தும், 1900இல் எட்டு வல்லரசுகளிடத்தும் தோல்வி கண்ட அந்நாட்டைக் 'கிழக்காசியாவின் நோயாளி' என்று பிறர் இகழ்ந்தனர். ஐரோப்பியப் பயில்வான் ஒருவன் ஷாங்காய் நகரில் சீனரைப் போட்டிக்கு அறைகூவினான். நகரத்தார் ஹுவோவை அழைத்தனர். அவர் சென்றார், போட்டியோ நடைபெறவில்லை, எதிரி வராமற் போய்விட்டான். திரைப்படங்கள் காட்டும் பெரும் போர் கற்பனையே.

1910இல் அந்நகரிலேயே 'சின் வூ' சங்கம் தோன்றியது. அவ்வாண்டே, தமது 42ஆம் வயதில், ஹுவோ நோயுற்றுக் காலமானார். யப்பானியர் நஞ்சூட்டினர் என்ற கதை பரவியது; அதற்கு உறுதியான சான்று இல்லை. அக்கதையைத் தழுவியே 1972இல் புரூஸ் லீ நடித்த படமும் வந்தது.

ஆசான் இறந்தபின் சங்கமும் அழிந்திருத்தல் வேண்டும். அழியவில்லை. சென் கொங்செ முதலிய வணிகக் குடும்பத்து இளைஞர் பொருளும் இடமும் உதவி அதனைத் தாங்கினர். அவர்கள் செய்த பெரும் புதுமை யாதெனில், குடும்பத்துக்குள் மறைத்துவைத்த வித்தைகளை வெளியே கொண்டுவந்தமையே. வெவ்வேறு மரபு ஆசான்மார் ஒரே கூரையின்கீழ்க் கற்பித்தனர். பாடங்கள் அச்சேறின. பெண்களும் பயின்றனர். இசை, விளையாட்டு, எழுத்து யாவும் உடற்பயிற்சியோடு சேர்ந்தன.

1920இல் சங்கத் தூதர் ஐவர் தென்கிழக்காசியாவைச் சுற்றிவந்தனர். அவருள் சென் கொங்செயின் சகோதரியும் ஒருவர். அதன் பயனாக 1921இல் கோலாலம்பூரிற் கிளை எழுந்தது. 1953இல் அங்கே பெரிய அரங்கும் அமைந்தது. நம்மூரிலிருந்து மலாயாவுக்குச் சென்று புகையிரதத்திலும் கந்தோர்களிலும் உத்தியோகம் பார்த்த முன்னோர் வாழ்ந்த நகரம் அது. அவர்கள் அங்கே கோயிலும் சங்கமும் வளர்த்த நாட்களிலேயே, அயலிற் சீன இளைஞர் இதனை வளர்த்தனர்.

நம் நாட்டு நிலை யாது? சிலம்பம் அறிந்தோர் இருந்தனர். கைகண்ட மருந்தறிந்த பரிகாரியார் இருந்தனர். பலர் மகனுக்கன்றிப் பிறர்க்குச் சொல்லவில்லை. மகன் கற்காதவிடத்து வித்தை அவரோடு சுடலைக்குச் சென்றது. ஏடுகள் கறையானுக்கு இரையாயின. போரும் இடப்பெயர்வும் எஞ்சியவற்றிற் பலவற்றைக் கொண்டுபோயின.

1897இல் யாழ்ப்பாணம் வந்த விவேகானந்த சுவாமிகளும் இளைஞர்க்கு உடல்வலிமை வேண்டும் என்றே வற்புறுத்தியவர். அவரும் நாற்பது வயதை எட்டாது மறைந்தார். அவர் நிறுவிய மிஷனோ இன்றும் பணியாற்றுகின்றது. இவ்விருவர் வாழ்வும் உணர்த்துவது ஒன்றே. தலைவரின் ஆற்றல் அவர் உடலோடு போகும். பகிர்ந்தளித்த அறிவு போகாது.

ஆகவே பெரியோர்களே, நீங்கள் அறிந்தவற்றை இன்றே சொல்லுங்கள். வாலிபர்களே, கேளுங்கள், எழுதிவையுங்கள், பயிலுங்கள். நமது சங்கமும் அவ்வாறே நீடு வாழ்வதாகுக.