பிரித்தானிய ஹெவி மெட்டல் சிங்கிள்கள்: அரிய இசைத்தட்டுச் சேகரிப்பின் வரலாறு

1970களின் இறுதியிலும் 1980களின் தொடக்கத்திலும் பிரித்தானியாவில் தோன்றிய இளம் ஹெவி மெட்டல் குழுக்களின் எழுச்சி 'பிரித்தானிய ஹெவி மெட்டலின் புதிய அலை' எனப்படுகிறது. இக்குழுக்களுள் பல, சொந்தச் செலவிலோ சிறு நிறுவனங்கள் வழியாகவோ, ஓரிரு ஏழு அங்குல வினைல் இசைத்தட்டுகளை மட்டும் வெளியிட்டுவிட்டு மறைந்துபோயின. பக்கத்துக்கு ஒரு பாடல் கொண்ட இத்தட்டுகள் 'சிங்கிள்' என அழைக்கப்படுகின்றன. அன்று நிகழ்ச்சி அரங்குகளின் வாசலில் வைத்து விற்கப்பட்ட இவற்றுள் சில இன்று பல நூறு பவுண்டுக்குக் கைமாறுகின்றன.

'புதிய அலை' என்ற பெயரைக் குழுக்கள் தாமே சூட்டிக்கொள்ளவில்லை. 1979 மே மாதம் லண்டனின் கேம்டன் பகுதியில் இருந்த மியூசிக் மெஷின் அரங்கில் ஏஞ்சல் விட்ச், அயர்ன் மெய்டன், சாம்சன் ஆகிய மூன்று குழுக்கள் ஒரே மேடையில் வாசித்தன. அந்நிகழ்ச்சியைப் பற்றி 'சவுண்ட்ஸ்' என்னும் வார இதழில் ஜெஃப் பார்ட்டன் எழுதிய கட்டுரையில்தான் இப்பெயர் அச்சேறியது. இதழாசிரியர் ஆலன் லூயிஸ் அதை உருவாக்கினார் என்பர். ஓர் இதழின் தலைப்புச் சொல் ஒரு காலகட்டத்தின் பெயராக நிலைத்துவிட்டது. வரலாற்று மாணவர்களுக்கு இது புதிதல்ல. பல காலகட்டங்களின் பெயர்கள் அவற்றில் வாழ்ந்தவர்கள் வைத்தவை அல்ல.

சொந்தமாகத் தட்டு போடும் வழக்கம்

பெரிய நிறுவனத்தின் தயவில்லாமல் தட்டு வெளியிடலாம் என்பதைக் காட்டியவர்கள் பங்க் இசைக்குழுவினர். மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழு 1977 சனவரியில் கடன் வாங்கிய பணத்தில் தன் முதல் தட்டை 1000 படிகள் அச்சிட்டது. மெட்டல் இளைஞர்கள் பங்க் இசையை விரும்பினார்களோ இல்லையோ, அந்த வழியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில் ஓரிரு நாள் பதிவு, ஆலையில் சில நூறு முதல் ஓராயிரம் வரை அச்சடிப்பு, பிறகு அஞ்சல் வழி விற்பனை என்பதே நடைமுறை.

எஃகு ஆலைகளுக்குப் பேர்போன ஷெஃபீல்டின் டெஃப் லெப்பர்ட் குழு, 'பிளட்ஜன் ரிஃபோலா' என்று தானே பெயரிட்ட முத்திரையில் 1979 தொடக்கத்தில் மூன்று பாடல்கள் கொண்ட தட்டை வெளியிட்டது. முதல் அச்சு 1000 படிகள். வானொலி அறிவிப்பாளர் ஜான் பீல் அதை ஒலிபரப்பியதும் குழுவின் பெயர் பரவியது. அதே ஆண்டில் வெர்டிகோ நிறுவனம் அப்பாடல்களை மறுபடி வெளியிட்டது. பாடல்கள் ஒன்றே என்றாலும், சேகரிப்பாளர் தேடுவது குழுவின் சொந்த முத்திரை தாங்கிய முதல் அச்சைத்தான்.

அயர்ன் மெய்டனின் 'தி சவுண்ட்ஹவுஸ் டேப்ஸ்' இன்னும் புகழ்பெற்றது. 1978இன் கடைசி இரு நாட்களில் கேம்பிரிட்ஜில் பதிவு செய்த நாடாவை, வடமேற்கு லண்டனின் கிங்ஸ்பரியில் மெட்டல் இசை இரவுகளை நடத்திவந்த நீல் கேயிடம் குழுவினர் கொடுத்தனர். அவருடைய அரங்கின் பெயரே தட்டின் பெயராயிற்று. 1979 நவம்பரில் 5000 படிகள் அச்சாகி விரைவில் விற்றுத் தீர்ந்தன. பெரிய கடைகள் மேலும் கேட்டும் மறு அச்சுப் போடப்படவில்லை. அந்த மறுப்புதான் அதன் இன்றைய விலைக்கு அடித்தளம்.

வடகிழக்கின் நீட் நிறுவனம்

நியூகாசலை அடுத்த வால்சென்ட் அன்று கப்பல் கட்டும் ஊராக இருந்தது. அங்கே இம்பல்ஸ் என்ற ஒலிப்பதிவுக் கூடத்தை நடத்திவந்த டேவிட் வுட் 1979இல் தொடங்கியதே நீட் ரெக்கார்ட்ஸ். டைகர்ஸ் ஆஃப் பான் டாங், ரேவன், வெனம், பிளிட்ஸ்கிரிக் ஆகிய குழுக்களின் முதல் சிங்கிள்கள் இங்கிருந்தே வந்தன. செலவைச் சுருக்கி, அவசரமாகச் செய்த பதிவுகள், கரடுமுரடான ஒலி. வெனத்தின் அந்தக் கரடுதான் பிற்காலத்து 'பிளாக் மெட்டல்' வகைக்கே முன்மாதிரி ஆனது. நீட் தட்டுகளை வரிசை எண் விடாமல் சேர்ப்போர் உண்டு. அப்படிச் சேர்த்தால் ஒரு வட்டாரத்தின் இசை வரலாறே அலமாரியில் வரிசையாக நிற்கும்.

இதே காலத்தில் நாட்டில் ஆலைகள் மூடப்பட்டுவந்தன. 1982 தொடக்கத்தில் வேலையற்றோர் 30 இலட்சத்தைத் தாண்டினர். குழுக்கள் பலவும் தொழில் நகரங்களின் பிள்ளைகள் என்பதை மறந்துவிட்டு இத்தட்டுகளை வெறும் பொழுதுபோக்குப் பொருளாகப் பார்ப்பது போதாது.

சேகரிப்பு தொடங்கிய விதம்

சேகரிப்பாளருள் புகழ்பெற்றவர் லார்ஸ் உல்ரிக். டென்மார்க்கிலிருந்து கலிபோர்னியாவுக்குக் குடியேறிய இந்த இளைஞர் பிரித்தானிய சிங்கிள்களைத் தேடித் தேடி வாங்கினார். 1981இல் டயமண்ட் ஹெட் குழுவைக் கேட்பதற்கென்றே இங்கிலாந்து சென்று, குழுவினரின் வீட்டிலேயே தங்கினார். ஊர் திரும்பி அவர் தொடங்கிய குழுவே மெட்டாலிகா. டயமண்ட் ஹெட், பிளிட்ஸ்கிரிக், எடின்பரோவின் ஹோலோகாஸ்ட், பெல்ஃபாஸ்டின் ஸ்வீட் சாவேஜ் ஆகியோரின் பாடல்களை மெட்டாலிகா பின்னர் பாடிப் பதிவு செய்தது. அதன் பிறகே உலகெங்கும் உள்ள ரசிகர்கள் மூலத் தட்டுகளைத் தேடத் தொடங்கினர். 1990இல் உல்ரிக்கும் ஜெஃப் பார்ட்டனும் சேர்ந்து ஒரு தொகுப்பையும் வெளியிட்டனர்.

தேடல் பெருகியதும் போலிகள் வந்தன. 'சவுண்ட்ஹவுஸ் டேப்ஸ்' தட்டுக்குப் போலிகள் ஏராளம். மூல அச்சு கறுப்பு வினைலில் மட்டுமே வந்தது என்பதால் வண்ணத் தட்டு கண்டாலே ஒதுக்கிவிடலாம். மற்றவற்றுக்கு நுட்பமான சோதனை தேவை. பாடல் முடிந்த பின் நடு ஒட்டுத்தாளுக்கு முன்னால் உள்ள வெற்றுப் பரப்பில் எண்களும் எழுத்துகளும் கீறப்பட்டிருக்கும். தாய்த்தட்டை வெட்டியவர் இட்ட குறி அது. ஜார்ஜ் பெக்கம் என்ற வெட்டுநர் 'போர்க்கி' என்னும் தம் செல்லப்பெயரை அங்கே கீறிவிடுவார். கல்வெட்டின் எழுத்தமைதியைக் கொண்டு காலம் கணிப்பது போலத்தான் இதுவும். உறையைப் படியெடுப்பது எளிது. அந்தக் கீறலை அப்படியே படியெடுப்பது கடினம்.

மறுவிற்பனையில் எத்தனை நூறு பவுண்டு புரண்டாலும் வாசித்தவர்களுக்கு அதில் பங்கில்லை. முழுப் பணமும் விற்பவருக்கே. இதைச் சொல்லிச் சேகரிப்பாளரைக் குறை கூறுவோர் உண்டு. குறையில் உண்மை இருக்கிறது. ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. சிறு குழுக்களின் மூல நாடாக்கள் பல காணாமற் போயின. டயமண்ட் ஹெட்டின் முதல் தொகுப்புக்கான நாடாக்களே ஜெர்மானிய நிறுவனம் ஒன்றுக்குப் போய் நெடுங்காலம் திரும்பவில்லை. நாடா இல்லாதபோது மறுவெளியீட்டாளர் நாடுவது, கீறல் படாமல் யாரோ ஒருவர் வைத்திருக்கும் தட்டைத்தான். பிரித்தானியாவில் அச்சு நூல்களின் ஒரு படியை நூலகத்தில் சேர்க்கச் சட்டம் உண்டு. ஒலிப்பதிவுகளுக்கு அச்சட்டம் பொருந்தாது. சில நூறு படிகளே அச்சான சிங்கிள் ஒன்று பிரித்தானிய நூலகத்தின் ஒலி ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டுமானால், பெரும்பாலும் யாராவது மனமுவந்து கொடுத்தாக வேண்டும்.