மூலத்திலிருந்து கட்டிய இயங்குதளம்



மலாக்காவில் 1890களில் டான் சே யான் ரப்பர் நட்டதிலிருந்து நம் முன்னோர் அறிந்த தொழில் ஒன்று உண்டு. மரத்துப் பாலைச் சேர்த்து, ஆசிட் விட்டு உறைய வைத்து, உருளையில் கொடுத்து, புகையில் உலர்த்தினால் ஷீட் கிடைக்கும். ஷீட்டை வாங்குகிறவருக்குப் பாலின் கதை தெரியாது, நமக்குத் தெரியும். கணினி உலகிலும் இத்தகைய கதை ஒன்று உண்டு. அதை இன்று பார்ப்போம்.

கணினியின் எல்லா வேலைகளுக்கும் அடிப்படையாக இருப்பது இயங்குதளம். அதை மனிதர் படிக்கக்கூடிய கட்டளைகளாக எழுதுகிறார்கள். அதுவே மூல நிரல். கணினிக்கோ எண்கள்தாம் புரியும். ஆகவே கம்பைலர் என்னும் நிரல் அக்கட்டளைகளை எண்களாக மாற்றுகிறது. மாற்றியவற்றை முறையாக அடுக்கி ஒரே கோப்பாக ஆக்கினால் அதற்குப் படிமம் என்று பெயர். அன்றைய கணினிகளில், வட்டின் முதல் 512 பைட்டுகளில் ஒரு சிறு தொடக்க நிரல் இருக்கும். மின்விசையை அழுத்தியதும் கணினி அதைத்தான் முதலில் படிக்கும்; அது மற்றப் பகுதிகளை எழுப்பிவிடும்.

1980களில் பல நிறுவனங்கள் படிமத்தை விற்றன. மூல நிரலைக் காட்டவில்லை. பழுது நீக்கவோ தாய்மொழியைச் சேர்க்கவோ உரிமையாளர் மனம் வைக்க வேண்டியிருந்தது. இந்நிலையை மாற்ற, அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் குனூ திட்டத்தை அறிவித்தார். 1987இல் அத்திட்டத்தின் கம்பைலர் வெளிவந்தது. அதே ஆண்டில் ஹாலந்தில் பேராசிரியர் ஆண்ட்ரூ டனன்பாம், மாணவர்கள் கற்பதற்காக மினிக்ஸ் என்ற சிறிய இயங்குதளத்தை மூல நிரலோடு வெளியிட்டார்.

1991ஆம் ஆண்டு, பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர், மினிக்ஸ் ஓடிய கணினியில், குனூ கம்பைலரின் துணையோடு லினக்ஸை எழுதினார். செப்டம்பரில் வந்த முதல் பதிப்பில் சுமார் 10,000 வரிகள் இருந்தன. ஆனால் அதைக் கட்டுவதற்கு இன்னும் மினிக்ஸ் தேவைப்பட்டது. பிறகு ஒரு நாள், வட்டில் மினிக்ஸ் இருந்த பகுதியை அவர் தவறுதலாகக் கெடுத்துவிட்டார். மீண்டும் மினிக்ஸைப் போடாமல், லினக்ஸிலேயே வேலையைத் தொடர்வதென்று துணிந்தார். டிசம்பரில் வந்த 0.11ஆம் பதிப்பில், லினக்ஸை லினக்ஸிலேயே கட்ட முடிந்தது. இரவல் அடுப்பில் சமைத்தவர் தம் வீட்டில் அடுப்பு மூட்டிய நாள் அது. 1992இல் குனூ உரிமத்தின் கீழ் வந்ததால், யாரும் அதைப் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்றாயிற்று.

இதனால் தமிழுக்கு என்ன பயன் என்று கேட்கலாம். இந்திய அரசின் சி-டாக் நிறுவனத்தார் சென்னையில், லினக்ஸ் வழிவந்த டெபியனை அடிப்படையாகக் கொண்டு பாஸ் என்ற இயங்குதளத்தைக் கட்டி, 2007இல் வெளியிட்டனர். தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் அதைப் பயன்படுத்த வழி செய்தனர். மூலம் திறந்திருந்ததால், வெளிநாட்டு முதலாளி எவரிடமும் அதற்காக அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருக்கவில்லை.

பெற்றோர்களே, ஜாசினிலோ அலோர் காஜாவிலோ இருக்கும் நம் பிள்ளைகளும் இதைக் கற்கலாம். மூல நிரல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு பழைய கணினியும் பொறுமையும் போதும். முதல் முயற்சியில் திரை கறுப்பாகவே நிற்கலாம். எந்தப் படியில் தவறியது என்று தேடுவதே படிப்பு. பிறர் செய்த பொருளை வாங்கி ஓட்டுகிறவர், அது நின்றுபோனால் பிறரை எதிர்பார்த்திருப்பார். கட்டத் தெரிந்தவர் தாமே எழுப்பிக்கொள்வார். நம் பிள்ளைகள் கட்டத் தெரிந்தவர்களாக வளர வேண்டும் என்பதே நம் ஆசை.