147573952589676412927: ஒரு கரும்பலகைக் கதையும் ஒரு பெருக்கலும்

சதுரங்கப் பலகையில் முதல் கட்டத்துக்கு ஒரு நெல், அடுத்ததுக்கு ரெண்டு, அப்புறம் நாலு என்று வைத்துக்கொண்டே போகும் கதை எல்லோருக்கும் தெரியும். பலகையில் 64 கட்டம்தான். இன்னும் மூணு கட்டம் சேர்த்து 67 கட்டத்துக்கும் வைத்தால் மொத்த நெல்மணிகள் 147573952589676412927. அதாவது, 2-ஐ 67 தடவை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் எண்.

1644-ல் மரின் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி, இப்படி 2-இன் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழிக்கும்போது எங்கெல்லாம் பகா எண் கிடைக்கும் என்று ஒரு பட்டியல் போட்டார். அதில் 67-ம் இருந்தது. நிரூபணம் எதுவும் தரவில்லை. அது தப்பு என்று நிரூபிக்க 232 வருஷம் ஆனது. 1876-ல் எத்வார் லூக்கா அதைச் செய்தார். பகா எண்ணாக இருந்தால் கட்டாயம் நிறைவேற வேண்டிய ஒரு நிபந்தனை இந்த எண்ணுக்கு நிறைவேறவில்லை என்று காட்டினார். ஆனால் எதால் வகுபடும் என்பது அவருக்கும் தெரியாது. திருட்டு நடந்தது உறுதி, திருடன் யாரென்று தெரியலை, அந்த மாதிரி.

1903 அக்டோபரில், நியூயார்க்கில் நடந்த அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் விடையைச் சொன்னார்: 193707721 × 761838257287.

கோல் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் கரும்பலகையில் இந்தப் பெருக்கலைப் போட்டுக் காட்டிவிட்டு உட்கார்ந்தார், அரங்கம் கைதட்டியது என்று ஒரு கதை உண்டு. எவ்வளவு நாள் ஆச்சு என்று பின்னாளில் கேட்டதற்கு, மூணு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம். இந்தக் கதையைப் பரப்பியவர் எரிக் டெம்பிள் பெல், 1951-ல் வந்த தன் புத்தகத்தில். நடந்து 48 வருஷம் கழித்து! சுவைக்காகக் கொஞ்சம் மசாலா சேர்ப்பவர் என்று பெல்லுக்கு ஒரு பெயரும் உண்டு. அதனால் நான் இந்தக் கதையைக் கொஞ்சம் தள்ளி வைத்தே படிக்கிறேன்.

கோலின் உழைப்பைப் புரிந்துகொள்ள கதை தேவையுமில்லை. இந்த எண்ணின் வகுத்திகள் 134-இன் மடங்கோடு ஒன்றைக் கூட்டினால் வருபவையாகத்தான் இருக்க முடியும். சின்ன வகுத்தி, 134-இன் 1445580-ஆவது மடங்குக்கு அடுத்த எண். 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வரணும் என்ற இன்னொரு விதியை வைத்துப் பாதியைத் தள்ளினாலும், அதுவரை ஏழு லட்சத்துக்கு மேல் எண்கள் மிச்சம். அதையும் குறைக்கத்தான் கோல் இருபடி எச்சங்களைப் பிடித்துக்கொண்டார். வழியை விளக்கி அவர் எழுதிய கட்டுரை கழகத்தின் இதழிலேயே அச்சாகியிருக்கிறது.

போன வாரம் நானும் நோட்டில் பெருக்கிப் பார்த்தேன். முதல் தடவை ஏதோ ஒரு வரியில் மீதியை மறந்து விடை தப்பாக வந்தது. ரெண்டாம் தடவை 21 இலக்கமும் சரியாக உட்கார்ந்தது. கண்டுபிடிக்க வருஷக்கணக்கு, சரிபார்க்க ஒரு மத்தியானம்.

அன்று அந்த அறையில் யார் பேசினார்கள், யார் கைதட்டினார்கள் என்பதற்கு நாம் பெல்லைத்தான் நம்பியாகணும். பெருக்கலுக்கு யாரையும் நம்ப வேண்டாம். ஒரு பக்கம் காலியாக இருந்தால் நீங்களும் போட்டுப் பாருங்கள்.