மணல் போனது, பாட்டும் போனது

எங்கட புல்மோட்டைக்கும் ஜப்பானுக்கும் பழைய தொடர்பு ஒன்று இருக்கு. 1957இல் கனிய மணல் கூட்டுத்தாபனம் உருவானது. அதுக்குப் பிறகு எங்கட கடற்கரையில் அள்ளிய இல்மனைட் கப்பலேறிப் போன நாடுகளில் ஜப்பானும் ஒன்று. கறுப்பு மணலாகப் போவது, வெளிநாட்டில் வெள்ளைப் பெயின்ட்டுக்கான தூளாகும். மண் எங்கடது, டின்னில இருக்கிற பெயர் வேற யாரோடயோ.

பாட்டுக்கும் இப்படி நடக்குமா?

ஜப்பானில் 'பிங்க் லேடி' என்று இரண்டு பெண்கள், மீ, கெய். 1976இல் முதல் இசைத்தட்டு. 1978இல் 'யுஎஃப்ஓ' பாட்டுக்கு ஜப்பான் ரெக்கோர்ட் விருது. சின்னப் பிள்ளைகள் வரை அவர்களின் கையசைவைப் பழகித் திரிந்த காலம் அது. பிறகு அமெரிக்கா போக ஆசை வந்தது. 1979இல் ஆங்கிலத்தில் பாடிய 'கிஸ் இன் த டார்க்' பில்போர்ட் பட்டியலில் 37ஆம் இடம் வரை ஏறியது. அடுத்த வருசம் என்பிசி தொலைக்காட்சி தனி நிகழ்ச்சியே கொடுத்தது. ஆனால் ரெண்டு பேருக்கும் ஆங்கிலம் வராது. வசனங்களை ஓசையாக மனப்பாடம் செய்து ஒப்புவித்தார்கள். ஐந்து வாரத்தில் நிகழ்ச்சி நின்றது. வெளியே அலைந்த காலத்தில் ஊரிலும் விற்பனை விழுந்தது. 1981 மார்ச்சில் குழு கலைந்தது.

அதே எழுபதுகளில் எங்கட நாட்டுப் பொப் பாட்டும் கடல் தாண்டியது. ஏ. ஈ. மனோகரனை எங்கட வாப்பாமார் காலத்து ஆட்களிடம் கேட்டுப் பாருங்க, 'சுராங்கனி' என்று உடனே சொல்வார்கள். போர்த்துக்கேயர் காலத்து வேர் உள்ள பைலாத் தாளம், சிங்களமும் தமிழும் கலந்த வரிகள். மாளு என்றால் சிங்களத்தில் மீன். அந்தச் சொல் விளங்காமலே தமிழ்நாடு அதைப் பாடியது. 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா இசையில் மலேசியா வாசுதேவன் குரலில் வந்தது. இந்திக்கும் போனது.

பாட்டு போன அளவுக்குப் பாடியவர் போனாரா? மனோகரன் இந்தியாவில் 'சிலோன் மனோகர்' ஆனார். படங்களில் நடித்தார், அதிலும் வில்லன் வேசங்கள் நிறைய. 2018 ஜனவரியில் சென்னையில் மறைந்தார். சினிமாப் பாட்டாக மட்டும் சுராங்கனியை அறிந்தவர்கள் அங்கே எத்தனையோ பேர். இல்மனைட் கதைதான் இதுவும்.

ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கு. பிங்க் லேடி தங்களுக்கு விளங்காத மொழியில் பேசிப் பார்த்துத் தோற்றார்கள். சுராங்கனி தன் பேச்சை மாற்றவே இல்லை. மீன் மணக்கிற கலப்பு மொழியோடேயே போய் நின்றது.

இப்ப எங்கட பொடியன்மார் ஃபோனில் ராப் பதிவு செய்கிறார்கள். நல்லாத்தான் இருக்கு. ஆனால் மைக்கைப் பிடிச்ச உடனே பேச்சு சென்னைக்குப் போயிடுது. அங்கே உள்ளவர்களுக்கு விளங்கணுமாம். மாளு விளங்கித்தானா அவர்கள் சுராங்கனியைப் பாடினார்கள்? எங்கட பேச்சிலேயே பாடுங்க மச்சான். பாட்டுக்குக் கீழே உங்கட பெயரையும் ஊரின் பெயரையும் மறக்காமல் போடுங்க.