சொல்லாமல் விட்ட உவமை

ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வர்த், 1798இல் வெளியான பாடலொன்றில், வை நதிக்கரைக் காட்சியினூடே தெய்வீகப் பிரசன்னத்தை உணர்ந்ததாகப் பாடினார். பின்வந்த கவிஞர் தம் உணர்ச்சியை அலைக்கும் மலருக்கும் ஏற்றிப் பாடவே, 1856இல் ரஸ்கின் அதனை மயக்கம் எனக் குறைகூறினார். இவ்வழக்கை மட்டும் கற்றுச் சங்கப் பாடல்களை அணுகுவோர் அவற்றை வெறும் வருணனை என்று எண்ணிவிடுகின்றனர். நாமும் மாணவப் பருவத்தில் அவ்வாறே எண்ணினோம்.

அம்மயக்கத்தைத் தீர்த்தது, உ. வே. சாமிநாதையர் 1937இல் தம் உரையுடன் வெளியிட்ட குறுந்தொகைப் பதிப்பு. (அவர் பெயரால் 1943இல் தோன்றிய நூல்நிலையம் இன்று சென்னைப் பெசன்ட் நகரில் உள்ளது.) எட்டாம் பாடலைக் காண்க. பாடியவர் ஆலங்குடி வங்கனார், பேசுபவள் பரத்தை. வயலோர மாமரத்தினின்று தானே உதிரும் கனியை வாளைமீன் கவ்வுகிறது. அத்தகைய ஊரினன் தலைவன். உவம உருபு ஒன்றும் இல்லை. ஆயினும், முயலாத மீனுக்குக் கனி வாய்த்ததுபோல் அவன் தானாகவே தன்னிடம் வந்தான் என அவள் குத்திக்காட்டுவது விளங்குகிறது. பிரசங்க பீடத்தில் உவமையின் ஒவ்வோர் உறுப்புக்கும் பொருள் சொல்லிப் பழகிய நமக்கு, கேட்போரிடம் விட்டுவிடும் இவ்வடக்கம் எளிதில் கைவருவதில்லை.

இதுவே உள்ளுறை. இதற்கு நிலைக்களமாகும் கருப்பொருள்களுள் தெய்வத்தை மட்டும் தொல்காப்பியர் விலக்கினார். மரமும் மீனும் மனிதரைக் குறிக்கலாம். தெய்வத்தை அவ்வாறு கையாளலாகாது. இயற்கைக்குள் தெய்வத்தைத் தேடிய வேர்ட்ஸ்வர்த்துக்கும் அவருக்கும் உள்ள தொலைவு இங்கேதான் புலப்படுகிறது.