ஜோ லூயிஸின் வீழ்ச்சி: உடல் தளர்வும் வரிக்கடனும்

ஹெவிவெயிட் எனப்படும் அதிக எடைப் பிரிவில், அதாவது அக்காலத்தில் 175 பவுண்டுக்கு மேற்பட்ட எடையுடையோர் மோதிய குத்துச்சண்டைப் பிரிவில், 1937 ஜூன் முதல் 1949 மார்ச் வரை உலகப் பட்டத்தை வைத்திருந்து, அதை 25 முறை தக்கவைத்துக்கொண்டவர் அமெரிக்கக் கறுப்பின வீரர் ஜோ லூயிஸ். அவருடைய பிற்கால வீழ்ச்சிக்கு வயதும் ஊதாரித்தனமுமே காரணங்களாகப் பொதுவாகச் சொல்லப்படுகின்றன. இவ்விரண்டிலும் உண்மை உண்டெனினும், ஓய்வுபெற்ற வீரரை மீண்டும் களத்தில் இறக்கியது வரிக்கடனே என்பதும், அக்கடன் பெருகியதில் அவரைப் போற்றிய அரசுக்கும் பங்குண்டு என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

1914இல் அலபாமாவில் வாரக் குத்தகைக்கு உழுத குடும்பத்தில் பிறந்து டெட்ராய்ட் நகரில் வளர்ந்த லூயிஸ், தொழில்முறைக் குத்துச்சண்டைக்கு வந்தபோது, முதல் கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியனான ஜாக் ஜான்சன் 1915இல் பட்டத்தை இழந்ததிலிருந்து வேறெந்தக் கறுப்பினத்தவரும் அப்பட்டத்தைப் பெற்றிருக்கவில்லை. வெள்ளையரின் பகையைத் தூண்டாதவாறு, வீழ்ந்த எதிராளியின் முன் எக்களிக்காமல் அடக்கம் காக்குமாறு மேலாளர்கள் அவரைப் பழக்கினர். 1936இல் தம்மைத் தோற்கடித்த ஜெர்மானியர் மாக்ஸ் ஷ்மெலிங்கை 1938 ஜூன் 22 அன்று நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியத்தில் 124 வினாடிகளில் அவர் வீழ்த்தியபோது, ஹிட்லரின் இனவாதத்துக்கு எதிரான தேசிய வெற்றியாக அமெரிக்கா அதைக் கொண்டாடியது.

இந்தத் தேசிய மதிப்பே போர்க்காலத்தில் பயன்படுத்தப்பட்டது. 1942இல் பட்டி பேருடனான போட்டியில் ஈட்டிய பரிசுத் தொகையைக் கடற்படை நிவாரண நிதிக்கும், ஏப் சைமனுடனான போட்டியில் ஈட்டியதைத் தரைப்படை நிவாரண நிதிக்கும் லூயிஸ் வழங்கினார்; ஆயினும் அத்தொகைகள் அவருடைய வருமானமாகவே வரிக்கணக்கில் சேர்க்கப்பட்டன. படையில் பணியாற்றிய ஆண்டுகளில் பட்டப்போட்டி வருவாய் நின்றுபோயிருக்க, உச்ச வருமான வரி விகிதம் 1944இல் 94 சதவீதமாக உயர்ந்திருக்க, நிலுவை வட்டியோடும் அபராதத்தோடும் வளர்ந்து, 1950 வாக்கில் ஐந்து லட்சம் டாலரைத் தாண்டியது.

உடலின் தளர்ச்சி இதற்கு முன்பே புலப்பட்டிருந்தது. 1947 டிசம்பரில் ஜெர்சி ஜோ வால்காட் அவரை இருமுறை தரையில் வீழ்த்த, லூயிஸ் நடுவர்களின் பிளவுபட்ட தீர்ப்பால்தான் வென்றார். 1949இல் சாம்பியனாகவே விலகியது, தம் தளர்ச்சியை அறிந்த ஒருவரின் முடிவாகவே தோன்றுகிறது. அம்முடிவைக் கைவிட்டு 1950இல் எஸார்ட் சார்ல்ஸிடம் 15 சுற்றுகளில் புள்ளிகளால் தோற்றதையும், 1951இல் 37 வயதில் ராக்கி மார்சியானோவின் குத்துகளால் எட்டாம் சுற்றில் வீழ்ந்ததையும் புகழாசையால் விளக்கிவிட முடியாது.

குடும்பத்துக்கும் நண்பர்களுக்கும் வாரி வழங்கியும், நட்டமடைந்த தொழில்களில் முதலிட்டும் அவர் பணத்தை இழந்தது மெய்யே. ஆனால் டெட்ராய்டில் தம் குடும்பம் பெற்ற அரசு உதவித்தொகையைத் திருப்பிச் செலுத்திய ஒருவரைப் பொறுப்பற்றவர் என்று மட்டும் வகைப்படுத்துவது சான்றுகளோடு பொருந்தாது. 1956இல் மல்யுத்த மேடையேறியதும், பின்னர் லாஸ் வேகாஸின் சீசர்ஸ் பேலஸ் விடுதியில் விருந்தினரை வரவேற்கும் பணியை ஏற்றதும் அதே நெருக்கடியின் தொடர்ச்சிகளாகும். 1981இல் அவர் மறைந்தபின், அதிபர் ரீகன் விதியைத் தளர்த்தி ஆர்லிங்டன் தேசிய கல்லறையில் அடக்கம் செய்ய இசைந்தது உரிய மரியாதையே. எனினும், வீரரின் புகழைப் பொதுச்சொத்தாகவும் அவருடைய கடனைத் தனிச்சுமையாகவும் பிரித்த ஓர் ஏற்பாட்டின் விளைவையே அவருடைய இறுதிப் போட்டிகள் காட்டுகின்றன. விளையாட்டு வரலாறு அவ்வீழ்ச்சியின் பொறுப்பை வீரர் ஒருவர்மீது மட்டும் சுமத்துவது நியாயமாகாது.